அரிசியை நிறுத்துவதற்கு முன்னால் மளிகை லிஸ்டை எடுத்துப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வயது 41. கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தொப்பையும் போட்டிருக்கிறது. "சமச்சீரா சாப்பிடுங்க" என்று டாக்டர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான். அதை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கோ சிறுதானியத்துக்கோ மாறிவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதை நிறுத்துவது என்று கேட்டிருந்தாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது அளவுதான். நம் வீட்டுச் சமையலில் எது கூடுதலாகப் போகிறது, எது குறைவாகப் போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். மருத்துவமனையில் உணவு ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். நான் மருத்துவர் இல்லை. அதனால் மாத்திரை, மருந்து பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் "அளவாத்தான் சாப்பிடுறேன்" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, தட்டில் விழுவதை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அதனால் நான் மாத மளிகைக் கணக்கைக் கொண்டுவரச் சொல்வேன். நல்லவேளையாக நீங்களே எழுதிவிட்டீர்கள். சாப்பாட்டுப் புழுங்கல் 25 கிலோ, இட்லி அரிசி 6, கோதுமை மாவு 5, ரவை, சேமியா, அவல் எல்லாம் சேர்த்து 2. துவரம்பருப்பு ஒன்றரை கிலோ, உளுந்து 2, பாசிப்பருப்பு அரை. எண்ணெய் 5 லிட்டர், சர்க்கரை 4 கிலோ, உப்பு ஒரு பாக்கெட், தினம் ஒரு லிட்டர் பால். மீனோ கோழியோ ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தானியம் மொத்தம் 38 கிலோ. நான்கு பேர், 30 நாள் என்று வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 315 கிராமுக்கு மேல் வருகிறது. பிள்ளைகள் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்பதால் பெரியவர்கள் தட்டில் விழுவது இன்னும் அதிகம். பருப்பு வகை எல்லாம் சேர்த்து 4 கிலோ, அதாவது ஆளுக்கு 33 கிராம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதலைத் திருத்தி வெளியிட்டது. மொத்தம் 17 வழிகாட்டுதல்கள். அதில் ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்குப் போட்ட கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு அல்லது அதற்கு ஈடான முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, வேர்க்கடலை, எள் மாதிரிக் கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முன் உள்ள எடை. இதை உங்கள் வீட்டுக்கு மாதக் கணக்காக மாற்றினால் தானியம் 30 கிலோ, பருப்பு வகை 10 கிலோ. தானியத்தில் நீங்கள் 8 கிலோ கூட வாங்குகிறீர்கள், பருப்பில் 6 கிலோ குறைய வாங்குகிறீர்கள். இந்த இரண்டு எண்களில்தான் உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நிறுவனத்தின் கணக்கில், 55 கிலோ எடையுள்ள, உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி போதும். அதனால் உங்களுக்குத் தானியம் 250 கிராமை விடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம்.

இந்தக் கோணல் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. ரேஷனில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்பு கார்டுக்கு ஒரு கிலோதான், அதுவும் காசு கொடுத்து. கடையில் பருப்பு விற்கிற விலைக்கு யார்தான் தாராளமாகப் போடுவார்கள்? குறைந்த செலவில் வயிறு நிறைய வேண்டுமென்றால் சோறு கூடும், குழம்பு நீர்க்கும். இதை ஒரு பெண்மணியின் சமையல் பழக்கத்தில் உள்ள குறையாக யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

சாம்பாரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். "தினமும் சாம்பார் வைக்கிறோம், புரதத்துக்கு என்ன குறை?" என்று கேட்பார்கள். 100 கிராம் துவரம்பருப்பு வேகவைத்து, நான்கு பேருக்கு மதியமும் இரவும் வருகிற மாதிரி சாம்பார் வைத்தால், ஆளுக்கு 25 கிராம் பருப்பு. அதில் புரதம் ஐந்தரை கிராம். ஒரு முட்டையில் இருப்பதைவிடக் குறைவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும். கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. உங்கள் கணவர் 300 கிராம் தானியம் சாப்பிட்டால் அதிலிருந்து 24 கிராம் வரும், பருப்பிலிருந்து 7, கால் லிட்டர் பாலிலிருந்து 8. மொத்தம் 39. அதிலும் பெரும்பங்கு அரிசியிலிருந்து வருவது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். ஆனால் மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பாவது இருந்தால்தான் அது சரியாக நடக்கும். உங்கள் வீட்டில் பத்துப் பங்குக்கு ஒரு பங்குதான் இருக்கிறது.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12 சதவீதம்தான் என்றது அந்த ஆய்வு. வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் மாதிரிப் புரதம் வந்தபோதுதான் குறைந்திருக்கிறது. இது ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு. இது அதோடு சேர்ந்து போகிறது என்று காட்டும், இதனால்தான் அது வந்தது என்று நிரூபிக்காது. ஆனாலும் நான் நோயாளிகளிடம் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. இரவில் இரண்டு கரண்டிச் சோற்றை விட்டுவிட்டு ஐந்து சப்பாத்தி, கூடவே உருளைக்கிழங்குக் குருமா என்று மாறியவர்களுக்குச் சர்க்கரை இறங்குவதில்லை.

சிறுதானியம் நல்லதுதான். கேழ்வரகில் கால்சியம் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாது, வேறு எந்தத் தானியத்திலும் அவ்வளவு கிடையாது. கம்பு, சோளத்தில் நார்ச்சத்து உண்டு. ஆனால் கேழ்வரகை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். கடையில் வாங்கும் சாமையும் தினையும் வெள்ளை வெளேரென்று இருந்தால் அதுவும் அரிசியைப் போலத் தீட்டியதுதான். விருப்பம் இருந்தால் வாரத்தில் மூன்று நான்கு வேளை சேருங்கள், அரிசியின் இடத்தில் அதே அளவுக்குள். பிடிக்கவில்லையா, விடுங்கள். நீங்கள் வாங்குகிற புழுங்கலரிசி மோசமான பொருள் இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. பச்சரிசியில் அந்த வாய்ப்பு இல்லை. இந்தச் சத்து இல்லாமல் வருகிற பெரிபெரி நோயை ஆராய்வதற்காக 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் மெக்கரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சிறு பிரிவுதான் பின்னால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது.

சோற்றைக் குறைப்பது எப்படி? "பாதியாகக் குறையுங்கள்" என்றால் யாரும் செய்ய மாட்டார்கள், செய்தால் நாலு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறப்பார்கள். நம் சாப்பாட்டில் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மூன்று சுற்று இருக்கிறது. அதில் ஒரு சுற்றை மட்டும் சோறு இல்லாமல் ஆக்குங்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், அல்லது மோராகக் குடித்து முடியுங்கள். மற்ற இரண்டு சுற்றிலும் கை வைக்க வேண்டாம். அந்த ஒரு சுற்றின் இடத்தில் கெட்டியான கூட்டோ, ஒரு கிண்ணம் சுண்டலோ வர வேண்டும். வெறுமனே குறைத்தால் நிற்காது.

பருப்பு 4 கிலோவை 10 கிலோவாக்க வேண்டும் என்றதும் மலைக்க வேண்டாம். முட்டையும் மீனும் சாப்பிடுகிற வீடு என்பதால் 7 கிலோ வந்தாலே நிறைவு. ஒரு முட்டையை ஏறக்குறைய 30 கிராம் பருப்புக்கு ஈடாக வைத்துக்கொள்ளலாம். விலை பார்த்தால் கறுப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை எல்லாம் பல சமயம் துவரம்பருப்பைவிட மலிவு. வாரத்தில் இரண்டு நாள் சாம்பாருக்குப் பதில் கொண்டைக்கடலைக் குழம்போ மொச்சைக் குழம்போ வையுங்கள். இரவு தோசை போடுகிற நாட்களில் ஒரு நாள் அடையாக இருக்கட்டும், ஒரு நாள் ஊறவைத்த பச்சைப்பயறை அரைத்துத் தோசை. இட்லி மாவுக்கு நாலுக்கு ஒன்று உளுந்து போடுகிறீர்கள் என்றால் மூன்றுக்கு ஒன்று போட்டுப் பாருங்கள், இட்லி கெடாது. பீன்ஸ், கோஸ் பொரியலில் ஒரு கைப்பிடி வெந்த பாசிப்பருப்பைப் போடுங்கள். மீன் வாங்குகிறவர்கள் வஞ்சிரத்துக்கு ஏங்க வேண்டியதில்லை. மத்தி மலிவு, ஒமேகா 3 கொழுப்பும் அதில் நிறைய. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை. புரதப் பவுடர் டப்பா வாங்கச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2024 வழிகாட்டுதலிலும் அதை வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

காய்கறிக் கணக்கை நீங்கள் எழுதவில்லை. ஆளுக்கு 400 கிராம் என்றால் நாலு பேருக்குத் தினம் 1.6 கிலோ. நான் பார்க்கிற வீடுகளில் அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். பொரியலை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொள்கிற பழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். தினம் ஒரு கிலோ என்று தொடங்குங்கள். உருளைக்கிழங்கு, சேனை, மரவள்ளி இந்தக் கணக்கில் வராது, அவை சோற்றுக் கணக்கில் சேரும். கேரட்டும் பீன்ஸும் விலை ஏறுகிற மாதங்களில் சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய், முள்ளங்கி, கோவைக்காய், வாழைத்தண்டு எதுவும் தாழ்ந்தது இல்லை. ஒரு கட்டு கீரையை ஆய்ந்து கடைந்தால் ஆளுக்கு ஒரு கரண்டிதான் தேறும், அதனால் இரண்டு கட்டாக வாங்குங்கள். கீரை சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறைந்துவிடும். அதே கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உங்கள் வயதில் ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குறைவாக இருந்தால் கீரையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, மாத்திரை வேண்டும்.

எண்ணெய், சர்க்கரை, உப்பு மூன்றையும் பாக்கெட்டை வைத்தே கண்காணிக்கலாம். ஆளுக்கு 27 கிராம் எண்ணெய் என்றால் நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். நீங்கள் வாங்குவது 5, வெளியில் சாப்பிடும் பரோட்டா, பஜ்ஜி தனி. செக்கு எண்ணெயிலும் கலோரி அதேதான். அரைத்த தேங்காயையும் இந்தக் கணக்கில் சேருங்கள். வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். சர்க்கரை ஆளுக்கு நாளைக்கு 25 கிராமுக்குள், மாதம் 3 கிலோவுக்குள். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாம் இதே கணக்குதான். அவற்றில் துளி இரும்புச்சத்து இருக்கலாம், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. உப்பு ஆளுக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் உங்கள் வீட்டில் 50 நாள் வர வேண்டும். உங்களுக்கு ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. மீன் கழுவ, காய் அலச என்று கொஞ்சம் போகும்தான். ஆனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சரில் இருப்பது இதற்கு மேல் வருகிறது.

இதுவரை சொன்னவற்றில் உப்பு கூடினால் ரத்த அழுத்தம் கூடும், நெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் மாதிரி நிறைகொழுப்பு அதிகமானால் கெட்ட கொழுப்பு ஏறும், நார்ச்சத்துள்ள காயும் பயறும் நல்லது ஆகியவை உறுதியானவை. பல பத்தாண்டு ஆதாரம் உண்டு. வாட்ஸ்அப்பில் வருகிற வேறு சிலவற்றுக்கு அவ்வளவு பலம் இல்லை. ஆறிய சோற்றிலும் பழைய சோற்றிலும் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும் என்பது உண்மை, ஆனால் அதை நம்பி இரண்டு கும்பா சாப்பிடும் அளவுக்கு வித்தியாசம் வராது. வடித்த சோற்றில் சர்க்கரை இருக்காது என்பது தவறு. கஞ்சியோடு போவதில் மாவுச்சத்து சிறு பங்குதான், பி வைட்டமினும் கூடவே போகிறது. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோறு சாப்பிட்டால் அந்த வேளைச் சர்க்கரை குறைவாக ஏறுவதைச் சின்னச் சின்ன ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீண்டகாலப் பலன் அதே உறுதியோடு நிறுவப்படவில்லை. செலவில்லாத பழக்கம் என்பதால் நான் சொல்லிக்கொடுக்கிறேன். பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறையில் எடை குறைகிறது, ஆனால் அதே கலோரியைக் குறைத்து மூன்று வேளை சாப்பிடுகிறவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவே குறைகிறது. உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அதைச் செய்யுங்கள்.

இந்த அளவுகள் எல்லோருக்கும் பொருந்தாது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினைன் ரத்தப் பரிசோதனை உங்கள் கணவருக்கு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் பருப்பைக் கூட்டச் சொன்னது அவருக்குப் பொருந்தாது. சோடியம் குறைத்த உப்பு என்று விற்கிற பாக்கெட்டிலும் பொட்டாசியம் இருப்பதால் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். முதலில் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் கணக்கே வேறு.

அப்புறம், பிள்ளைகள். உங்கள் சோற்றைக் குறைக்கும்போது அவர்கள் தட்டிலும் சேர்த்துக் குறைத்துவிடாதீர்கள், வளர்கிற வயது. அவர்களுக்குக் குறைக்க வேண்டியது பிஸ்கட், மால்ட் பவுடர் கலந்த இனிப்புப் பால், பாக்கெட் சிப்ஸ். முட்டை, பயறு, காய், பழம் உங்களுக்குப் போலவே அவர்களுக்கும் கூட வேண்டும். தினம் வாங்குகிற ஒரு லிட்டர் பாலில் முதல் பங்கு அவர்களுடையது. அவர்கள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் சத்துணவில் கொடுக்கிற முட்டையைச் சாப்பிடுகிறார்களா, பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறார்களா என்று விசாரியுங்கள். அடுத்த மாதம் சாமான் வாங்கும்போது அரிசியில் 4 கிலோ குறைத்து, கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் சேர்த்து 2 கிலோ கூட்டி, எண்ணெயில் ஒரு லிட்டர் குறைத்துப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்து, அதையும் அந்த மூன்று மாத லிஸ்டையும் எழுதினால், அடுத்து எதைத் தொடுவது என்று சொல்கிறேன்.